பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியவை

குடியாத்தத்தில் பீடி சுற்றும் வீடுகளின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கப் போகிறீர்கள். அல்லது காட்பாடியில் சிலம்பம் சொல்லித் தரப் போகிறீர்கள், பேரணாம்பட்டில் ஒரு சின்ன நூலகம் திறக்கப் போகிறீர்கள், அணைக்கட்டுக்கு மேலே மலை ஊர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியில் வார்டனாகச் சேரப் போகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வேதாகம வகுப்போ, மதரஸாவோ, பத்து நாள் கோடை முகாமோ, எதுவாக இருந்தாலும் சரி. பெற்றவர்கள் பிள்ளையை உங்கள் வாசலில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "எங்க ஆளுங்க எல்லாம் நல்லவங்க" என்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பேசிய பிள்ளைகளில் பாதிக்கும் மேல், 53.22 சதவீதம் பேர், ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், பிள்ளை நம்பியிருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னவர்களில் ஆண் பிள்ளைகளே சற்று அதிகம் என்பதையும் கவனியுங்கள். "பசங்கதானே, அவங்களுக்கு என்ன ஆகப்போகுது" என்கிற பேச்சு நம் ஊரில் இன்னும் இருக்கிறது.

தெரிந்தவர், மரியாதைக்குரியவர், எல்லோருக்கும் பிடித்தவர் என்பதையெல்லாம் வைத்து ஆளை எடை போட முடியாது. யாராக இருந்தாலும், நிறுவனரே ஆனாலும், ஒரு பிள்ளையோடு யார் கண்ணிலும் படாமல் தனியாக இருக்க வாய்ப்பில்லாதபடி வேலையை அமைக்க முடியும். அது நம் கையில் இருக்கிறது.

விதிகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

நாற்பது பக்கக் கொள்கை அறிக்கை அலமாரியில்தான் கிடக்கும். ஒரே பக்கம் போதும். தமிழில், சுவரில் ஒட்டுகிற மாதிரி. எங்கள் பக்கத்து மையங்களுக்கு நான் சொல்வது இவை:

எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய கதவுக்குப் பின்னால் தனியாக இருக்கக் கூடாது. தனியாகப் பாடம் சொல்லித் தர வேண்டியிருந்தால் திண்ணையிலோ, கதவைத் திறந்து வைத்த அறையிலோ, மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். பைக்கில் ஒரு பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. மழை வந்தாலும், இருட்டினாலும், "வழியிலதான் வீடு" என்றாலும். வீட்டுக்குப் போன் போட்டு யாராவது வரும்வரை இரண்டு பெரியவர்கள் காத்திருக்க வேண்டும். பிள்ளைகளின் போனுக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ தனிச் செய்தி கூடாது. எதுவானாலும் பெற்றோர் இருக்கும் வாட்ஸாப் குழுவில்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் ரகசியமாகப் பரிசு, பணம், போன் ரீசார்ஜ் கூடாது. இதைப் படிக்கும்போது சிலருக்கு மனசு கஷ்டப்படும், ஏனென்றால் ஏழைப் பிள்ளைக்கு நோட்டு வாங்கித் தருவது நல்ல காரியம்தானே. நல்ல காரியம்தான். மையத்தின் பெயரில், கணக்கில் எழுதி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வாங்கித் தரலாம். பிள்ளைகளை வளைக்க நினைப்பவர்கள் அனேகமாகப் பரிசில்தான் ஆரம்பிக்கிறார்கள். அடுத்து வருவது "இதை யார்கிட்டயும் சொல்லாதே". சின்ன ரகசியத்தைக் காப்பாற்றப் பழகிய பிள்ளை பெரிய ரகசியத்தையும் காப்பாற்றும்.

அடி கிடையாது. முட்டி போட வைப்பது, காதைத் திருகுவது, வெயிலில் நிறுத்துவது கிடையாது. சாதியை, நிறத்தை, அப்பாவின் குடியை வைத்துப் பேசுவது கிடையாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தின் ஊழியர் கொடுமை செய்தால் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. "ரெண்டு தட்டு தட்டுங்க சார், அப்பத்தான் படிப்பான்" என்று பெற்றோரே கேட்பார்கள். அவர்களிடம் பணிவாக, ஆனால் உறுதியாக, முடியாது என்று சொல்லுங்கள். பெரியவர் தன் உடம்பின்மேல் கை வைப்பது வழக்கம்தான் என்று பழகிப்போன பிள்ளை, வேறு விதமான கை வரும்போது யாரிடம் போய்ச் சொல்லும்?

எழுதிய பக்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். சமையல் அக்கா, வேன் ஓட்டுநர், வாட்ச்மேன், சனிக்கிழமை மட்டும் வருகிற கல்லூரி மாணவர், நிறுவனர் எல்லோரும்.

ஆள் எடுக்கும்போது

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்தான் போக்சோ. 2020-இல் வந்த அதன் விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் என்று பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும், பிள்ளைகளோடு தொடர்பில் வரும் ஒவ்வொரு ஊழியரையும் காவல்துறை வழியாகவும் பின்னணி விசாரித்தும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். நிரந்தரம், ஒப்பந்தம் என்ற வேறுபாடு இல்லை. குழந்தைப் பாதுகாப்பு பற்றி அவ்வப்போது பயிற்சியும் தர வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வேலைக்கான சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆனால் அந்தச் சான்றிதழை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். புகார் பதிவானவர்களைத்தான் அது காட்டும். எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தருவது, முன்பு வேலை பார்த்த இடத்துக்கு நேரில் போவது அல்லது போன் போட்டு விசாரிப்பது. "ஏன் நின்றார்?" "மறுபடி பிள்ளைகளோடு வேலைக்கு எடுப்பீர்களா?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் வரத் தாமதமானால் அதுவே ஒரு தகவல். ஒரு ஊரில் பிரச்சினை செய்தவரைச் சத்தமில்லாமல் அனுப்பிவிடுவார்கள். அவர் இரண்டு பஸ் மாறி அடுத்த ஊரில் வேலைக்குச் சேர்ந்துவிடுவார். இது இந்த வட்டாரத்திலும் நடக்கிறது. நீங்களும் ஒருவரை அப்படி அனுப்பிவைக்காதீர்கள்.

நேர்காணலில் மேலே சொன்ன விதிப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் தனிப் பொறுப்பு எதுவும் தராதீர்கள். கல்லூரிகளிலிருந்து நாட்டு நலப்பணித் திட்டத்தில் வரும் மாணவர்களுக்கும் இதே விதிதான். அவர்கள் இளவயதினர், ஆர்வத்தோடு வருகிறவர்கள், பிள்ளைகளுக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும். அவர்களையும் வீண் பேச்சிலிருந்து இந்த விதிகள்தான் காப்பாற்றும்.

தங்கும் இடம் நடத்துகிறவர்களுக்கு இன்னொன்று. ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் இல்லம் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2014-இல் தனிச் சட்டமே வந்தது. உங்கள் இடம் எதில் வருகிறது என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வேலைக்குச் சேரும் விடுதிக்கு உரிமம் இருக்கிறதா என்று சேரும் நாளிலேயே கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இடத்தைச் சுற்றிப் பாருங்கள்

மையம் நடக்கும் இடத்தைப் பிள்ளையின் உயரத்தில் ஒருமுறை சுற்றி வாருங்கள். கழிவறை எங்கே, போகிற வழியில் வெளிச்சம் உண்டா, தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா? யாரும் போகாத மாடி அறை, ஸ்டோர் ரூம் சாவி யாரிடம்? ஐந்தரைக்கு வகுப்பு முடிந்தால் ஆறரை வரை கூட்டிப் போக ஆள் வராத பிள்ளை எங்கே உட்காருகிறது?

அப்புறம் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத விவசாயக் கிணறு நம் பக்கத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். முகாம் நடத்தும் தோப்பில் கிணறு இருந்தால் வேலி கட்டாமல் முகாமைத் தொடங்காதீர்கள். பாலாற்றில் மணல் அள்ளிய குழிகளில் மழைக்குப் பிறகு தண்ணீர் தேங்கி நிற்கும். மேலே பார்த்தால் முழங்கால் அளவு மாதிரி இருக்கும். "ஆத்துக்குக் கூட்டிட்டுப் போங்க சார்" என்று பிள்ளைகள் கேட்டால் கூட்டிப் போகாதீர்கள். மே மாத வேலூர் வெயிலில் பதினொரு மணிக்கு மேல் மைதானத்தில் விளையாட்டும் வேண்டாம்.

வருகிறவர்களும் போட்டோக்களும்

இல்லங்களிலும் விடுதிகளிலும் பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருகிறார்கள். நல்ல மனசோடு வருகிறார்கள், அவர்கள் இல்லாமல் பல இல்லங்கள் ஓடாது. ஆனால் கேக் வெட்டும்போது பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, "தேங்க்யூ அங்கிள்" சொல்லவைத்து, மடியில் உட்காரவைத்து செல்ஃபி எடுத்து, முகநூலில் இடத்தின் பெயரோடு போட்டுவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை நாளைக்குப் பத்தாவது படிக்கும்போது அந்தப் படம் அங்கேயே இருக்கும். ஆதரவில்லாத பிள்ளைகள் இருக்கும் இடம் இதுதான் என்று ஊருக்கே தெரிந்திருக்கும்.

வாசலில் ஒரு பதிவேடு வையுங்கள். பெயர், போன் எண், வந்த நேரம், போன நேரம். வருகிறவர் பொது இடத்தில் மட்டும் இருக்கலாம், தூங்கும் அறைக்குப் போகக் கூடாது, கூடவே நம் ஆள் ஒருவர் இருக்க வேண்டும். போட்டோ கூடாது என்று சாப்பாட்டுக்குத் தேதி கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அதற்காகக் கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும். பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளான பிள்ளை விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது.

பிள்ளைகள் யாரிடம் சொல்வார்கள்?

மையத்துக்கு ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளர் வேண்டும். முடிந்தால் இருவர், அதில் ஒருவர் பெண். நிறுவனரின் மனைவியோ தம்பியோ வேண்டாம். நிறுவனர்மேலேயே புகார் வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? இவர்களின் பெயரும் படமும் சுவரில் இருக்க வேண்டும், பக்கத்திலேயே 1098. அது குழந்தைகளுக்கான இலவச உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு. பள்ளி மாணவர்களுக்கு 14417 என்ற எண்ணும் இருக்கிறது. பிள்ளைகளை அந்த எண்களை மனப்பாடமாகச் சொல்லவையுங்கள்.

ஒரு விஷயத்தில் வெளியூர் ஆட்கள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் தமிழ் பேசுவதில்லை. பேரணாம்பட்டு, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் உருது. குடியாத்தம், காட்பாடிப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கு. பாடத்தைத் தமிழில் படித்துவிடும் பிள்ளை, பயத்தையும் வலியையும் வீட்டு மொழியில்தான் சொல்லும். அந்த மொழி தெரிந்த ஒருவர் மையத்தில் இருக்க வேண்டும். சுவரில் ஒட்டுவதையும் அந்த மொழியில் ஒட்டுங்கள்.

உடல் பாதுகாப்பு பற்றிய வகுப்பைப் பெற்றோருக்குச் சொல்லிவிட்டு எடுங்கள். உறுப்புகளுக்கு வீட்டில் வழங்கும் பெயர்களையே வெட்கமில்லாமல் சொல்லிக் கொடுங்கள். "பிடிக்கலன்னா வேணாம்னு சொல்லு, அங்கிருந்து வந்துடு, நம்பற பெரியவங்ககிட்ட சொல்லு, நம்பலன்னா இன்னொருத்தர்கிட்ட சொல்லு." இந்தக் கடைசி வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முதலில் சொன்ன ஆள் நம்பாமல் போனதால் அதோடு வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள் அதிகம்.

ஒரு பிள்ளை வந்து சொன்னால்

இதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடும். அந்தப் பத்து நிமிடம் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பிள்ளை இன்னொரு முறை வாய் திறக்கும்.

கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு உட்காருங்கள். மற்றவர் பார்வையில், ஆனால் மற்றவர் காதில் விழாத இடத்தில். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். "நீ சொன்னது ரொம்ப நல்லது கண்ணு. இது உன் தப்பு இல்ல." இதற்கு மேல் நீங்கள் பேச வேண்டியது கொஞ்சம்தான். "ஏன் அங்கே போனே?" "ஏன் முதல்லயே சொல்லல?" "நெசமாவா?" இந்த மூன்றும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. துருவித் துருவிக் கேட்காதீர்கள். "அவர் இங்கே தொட்டாரா, அங்கே தொட்டாரா" என்று நீங்களே எடுத்துக் கொடுத்தால் பின்னால் வழக்கில் அது பிள்ளைக்கு எதிராகத் திரும்பும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்பது போதும்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்கும். பண்ணாதீர்கள். "உன்னைப் பத்திரமா வெச்சுக்க ரெண்டு மூணு பேர்கிட்ட மட்டும் சொல்லணும். ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள்.

பிள்ளை போனதும் உடனே எழுதிவையுங்கள். தேதி, நேரம், இடம், பிள்ளை சொன்ன வார்த்தைகள் அப்படியே. "அந்த அண்ணன் எப்பப் பாத்தாலும் மேல வந்து உக்கார்றாரு" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். "பாலியல் சீண்டல்" என்று நீங்கள் திருத்தி எழுத வேண்டாம்.

செய்யக் கூடாதவை: குற்றம் சாட்டப்பட்டவரையும் பிள்ளையையும் எதிரெதிரே நிறுத்தி விசாரிப்பது, நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கட்டும் என்று காத்திருப்பது, ஊர்ப் பெரியவர்களையோ சபைப் பெரியவர்களையோ ஜமாத்தையோ கூப்பிட்டுப் பேசி முடிப்பது, அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு விஷயம் முடிந்தது என்று இருப்பது. உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை. அது காவல்துறையின் வேலை, நீதிமன்றத்தின் வேலை. நாம் செய்ய வேண்டியது அந்த ஆளை அன்றே பிள்ளைகளிடமிருந்து விலக்கிவைப்பதும் புகார் கொடுப்பதும்தான்.

புகார்

2012 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது என்று அறிந்தவர் எவராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்ல எண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது. மகாராஷ்டிரத்தில் ஒரு மாணவியர் விடுதியில் நடந்த கொடுமையைத் தெரிந்தும் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டப்பட்ட மருத்துவர்மேல் இருந்த வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ஏற்கவில்லை. தகவல் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது.

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம், அருகில் உள்ள எந்தக் காவல் நிலையத்துக்கும் போகலாம். பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்ததிலிருந்து இதில் ஒரு குழப்பம். பிள்ளையின் வீடு மேல்விஷாரத்தில், அது இராணிப்பேட்டை மாவட்டம். சம்பவம் ஆம்பூரில், அது திருப்பத்தூர் மாவட்டம். மையம் வேலூரில். "அங்கே போங்க" என்று யாராவது அனுப்பினால் போகாதீர்கள். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்பது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். காவல்துறை 24 மணி நேரத்துக்குள், இளைஞர் நீதிச் சட்டப்படி அமைந்த குழந்தைகள் நலக்குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். குழு மாவட்டத்துக்கு ஒன்று உண்டு, எனவே சுவரில் ஒட்டியிருக்கும் பழைய எண்களைச் சரிபாருங்கள். திங்கட்கிழமை சத்துவாச்சாரிக்குப் போய் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வாக்குமூலம் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியால், சீருடை இல்லாமல் வாங்கப்பட வேண்டும். நம்பும் பெரியவர் கூட இருக்கலாம். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சீருடையில் வந்து நின்றால், "மேடம், பிள்ளை பயப்படுது" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கேட்பார்கள்.

உடல் பாதிப்பு இருக்கலாம் என்றால் குளிக்கவைக்காமல், துணியைத் துவைக்காமல், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. தனியார் மருத்துவமனையும் முதல் சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும்.

பெற்றோர் தயங்குவார்கள். "பொண்ணு பேரு கெட்டுடும், நாளைக்கு யார் கட்டுவாங்க" என்று அம்மா அழுவார். அவசரப்படுத்தாமல் கேளுங்கள். பெயரை வெளியிடுவதே குற்றம் என்பதையும், விசாரணையிலும் வழக்கிலும் பிள்ளைக்குத் துணை நிற்க நலக்குழு ஒரு ஆதரவாளரை நியமிக்க முடியும் என்பதையும், சாப்பாடு, உடை, போக்குவரத்துக்கு உடனடி உதவித் தொகை கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள். தகவல் சொல்லும் கடமை அவர்கள் சம்மதத்தைப் பொறுத்தது அல்ல என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் செய்தோம் என்று ஆகக் கூடாது.

அதற்குப் பிறகு

பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்தச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், "அதுக்கே நல்லதுக்குத்தான்" என்று. ஒத்துக்கொள்ளாதீர்கள், விலக வேண்டியது பிள்ளை இல்லை. மற்ற பிள்ளைகளிடம் பெயர் சொல்லாமல், "ஒரு பிரச்சினை வந்தது, பெரியவங்க பாத்துக்கறோம், உங்களுக்கும் ஏதாவது இருந்தா சொல்லலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் இன்னொரு பிள்ளையும் வந்து பேசும். அதற்கும் இதே முறைதான்.

வழக்கைச் சிறப்பு நீதிமன்றம் ஓராண்டுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் இழுக்கும். பிள்ளை முதலில் யாரிடம் சொன்னதோ அவர் சாட்சியாக அழைக்கப்படுவார். அன்று எழுதிய குறிப்பைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். வேலை மாறினாலும் மையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் புது போன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள். சம்மன் வந்த நாளில் போய் நிற்க வேண்டும், மையமும் அந்த நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. இதையும் சேரும்போதே விதிப் பக்கத்தின் கடைசி வரியாக எழுதிவைத்துவிடுங்கள்.